மயக்கத்தில் கேட்ட அழுகை

திருமலைராயன்பட்டினம்
21.1.2024

அன்பு மச்சானுக்கு பஹீமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் இருக்கிறோம். சுகமாக என்று சேர்த்து எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாமா அசர் தொழுதுவிட்டுத் தினமும் வந்து எட்டிப் பார்க்கிறார். உங்கள் இருமல் விட்டதா? அந்த ஏசியை நேராக முகத்துக்கு வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

போனில் பேசினால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டீங்களா" என்பதோடு இருவருக்கும் வாய் அடைத்துப்போகிறது, மனசில் உள்ளதை இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று சொன்னீர்களே, அது நல்ல யோசனை. காதர் பாட்சா நானா வெள்ளிக்கிழமை சலாலாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபப்படாமல் படியுங்கள். நான் வேலைக்குப் போகிறேன். பின்தெரு செல்லம் அக்கா காரைக்காலில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆயாவாக இருக்கிறதே, அது சொல்லித்தான் கிடைத்தது. கெட்ட சேதியை வீட்டுக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்று டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் அங்கே ஒத்திகை வைத்துப் பழக்குகிறார்கள். சிமுலேஷன் என்று அதற்குப் பெயர். நிஜமாகவே பறிகொடுத்தவர்களை வைத்துப் பழக முடியாதே, அதனால் எங்களைப் போன்றவர்களை உட்காரவைத்து அழச்சொல்கிறார்கள்.

நேற்றுக் காலையில் மட்டும் என் புருஷன் மூன்று தடவை மௌத்தானார். உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் நூறு வயசு இருக்க வேண்டும். முதல் டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இரண்டாவது டாக்டர் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லி முடித்து "ஓகேவாம்மா?" என்றான். மூன்றாவதாக வந்தது ஒரு சின்னப் பெண். சொல்வதற்கு முன்னாலேயே அவள் அழுதுவிட்டாள், நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

எனக்குச் சொன்ன விதம் ஞாபகம் வந்தது. மயக்கம் தெளிந்து கண் திறந்தேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே ஒரு நர்ஸு, "கொழந்த இல்லம்மா" என்றாள். அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஹீமா

சலாலா
18.2.2024

அன்பு பஹீமாவுக்கு, உன் மேல் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும். இருமல் விட்டுவிட்டது. கடையில் ஸ்டாக் எடுக்கும் வேலை, நிற்க நேரமில்லை. நீ கொடுத்தனுப்பிய கருவாட்டு ஊறுகாய் அறையில் ஒரே நாளில் காலி.

வேலை செய்தி படித்தேன். வெளியே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தையல் வகுப்புக்குப் போ, கம்ப்யூட்டர் படி. அழுவதற்கென்றே ஒரு வேலையா? ஆறுகிற புண்ணை நீயே எதற்குக் கிளறிக்கொள்கிறாய்? நமக்கு எழுதியது அவ்வளவுதான். கொடுத்தவன் எடுத்துக்கொண்டான், ஸபுர் செய்து பொறுத்துக்கொள்வோம்.

உனக்குப் பிரசவம் பார்த்த அந்த ஆஸ்பத்திரி ஆட்கள் யாராவது அங்கே வருவதுண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உம்மாவுக்கு ஸலாம் சொல். இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே.

உன் ஆபித்

திருமலைராயன்பட்டினம்
17.3.2024

அன்பு மச்சானுக்கு, ஸலாம். முதல் பத்து நோன்பு நல்லபடியாகப் போகிறது. உம்மா நோன்புக் கஞ்சியில் உப்பு போட மறந்துவிட்டுத் தெருவையே குறை சொல்கிறது. உங்கள் அறையில் யார் கஞ்சி காய்ச்சுவது? அங்கே எல்லாரும் சுகம்தானே?

புண் ஆறுகிறது என்று உங்களிடம் யார் சொன்னது மச்சான்? நான் சொல்லவில்லை.

எங்கள் பயிற்சிக்கூடத்தை நடத்துவது மார்ட்டின் சார். முன்பு நாடகக்காரராம், இப்போதும் குரலில் தெரியும். டாக்டர்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பது இதுதான். முதலில் உட்காரவை. என்ன தெரியும் என்று கேள். பிறகு சுற்றி வளைக்காமல் சொல். "போயிட்டாங்க", "நம்ம கையில இல்ல" என்றெல்லாம் மழுப்பக் கூடாது, "இறந்துவிட்டார்" என்ற வார்த்தை வாயில் வர வேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு கூடவே உட்கார்ந்திரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேமரா ஓடும். முடிந்ததும் நாங்கள் வேஷம் கழற்ற வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்து நின்று சொந்தப் பேரையும் ஊரையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பொய்த் துக்கம் வீடு வரைக்கும் கூடவே வந்துவிடுமாம். எனக்கு மெய்த் துக்கம் வீட்டிலேயே காத்திருக்கிறது என்பது மார்ட்டின் சாருக்குத் தெரியாது.

எதற்குப் போகிறேன் என்று கேட்டீர்கள். டாக்டர்கள் எந்த இடத்தில் எப்படிப் பொய் சொல்வார்கள் என்று பார்க்கத்தான் போகிறேன்.

நான் பிள்ளை அழுததைக் கேட்டேன். மயக்க ஊசிக்கு நடுவில்தான், ஆனால் கேட்டேன். இறந்தே பிறந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அழாத பிள்ளைக்கு ஜனாஸா தொழுகை இல்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்ல, மாமா துணியில் சுற்றிக் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தார். பேர் கிடையாது, தொழுகை கிடையாது. அழுதிருந்தால் இரண்டும் அதற்குச் சேர வேண்டிய ஹக்கு மச்சான். நம் பிள்ளை அழுததா, அழவில்லையா? அந்த ஒரு பதில்தான் எனக்கு வேண்டும். பிரசவம் பார்த்த டாக்டரம்மா வாயால் அதைக் கேட்க வேண்டும். மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன், மேனேஜர் அறையைத் தாண்டவிடவில்லை.

நோன்பு நேரத்தில் உங்களை வருத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஹீமா

சலாலா
20.4.2024

பஹீமாவுக்கு, அல்லாஹ் உனக்கு ஆறுதல் தரட்டும். பெருநாள் நல்லபடியாக முடிந்தது. பிரியாணி ஆக்கினோம், அடி பிடித்துவிட்டது. மழையில் கடைக்குள் தண்ணீர் வந்து இரண்டு நாள் அள்ளிக்கொட்டினோம். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

நீ கேட்டது மயக்கத்தில் கேட்டது. அந்த ஊசி போட்டால் இல்லாததெல்லாம் கேட்கும் என்று இங்கே கிளினிக்கில் விசாரித்தேன். பக்கத்து அறைப் பிள்ளையின் சத்தமாக இருக்கும். அதையே பிடித்துக்கொண்டு தொங்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆபித்

திருமலைராயன்பட்டினம்
12.5.2024

அன்பு மச்சானுக்கு, ஸலாம். உம்மாவுக்குக் கண்ணில் நீர் வடிகிறது, சொட்டு மருந்து விடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து எல்லா டாக்டர்களையும் எங்கள் பயிற்சிக்கு அனுப்புகிறார்களாம். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை டாக்டரம்மா வருகிறார். ஆபரேஷனுக்குத் தாமதமாகி ஒரு பெண் இறந்துவிட்டாள், தவறு ஆஸ்பத்திரியுடையது, அதை அவளுடைய அக்காவிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதுதான் அவருக்குக் கொடுக்கப்போகும் கேஸ். அக்காவாக உட்காரப்போவது நான்.

மார்ட்டின் சாரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கு எனக்கு லீவு கொடுத்துவிடுவார். ஒத்திகை முடிந்ததும் டாக்டரம்மாவை நிறுத்திக் கேட்கப்போகிறேன். அங்கே மேனேஜர் அறை இல்லை, அவரைத் தாண்டி நான் போக வேண்டியதும் இல்லை. துஆ செய்யுங்கள்.

இதைத் தபாலில் போடுகிறேன். யாரும் கிளம்புகிறார்களா என்று காத்திருக்கப் பொறுமை இல்லை.

பஹீமா

சலாலா
28.5.2024

பஹீமா, ஸலாம். உன் கடிதம் கிடைத்த அன்றே கூரியரில் போடுகிறேன். எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன்.

போகாதே. புதன்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. முடிந்தால் வேலையையே விட்டுவிடு. அந்த அம்மாவிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? பெரிய இடத்தைப் பகைத்துக்கொண்டு நம்மால் ஊரில் இருக்க முடியுமா? உன் புருஷனாகச் சொல்கிறேன், என் பேச்சைக் கேள்.

பிள்ளைக்குத் தொழுகை இல்லை என்பதுதானே உன் மனசை அரிக்கிறது? கவலைப்படாதே. பிள்ளையை அடக்கிய அன்றைக்கே நான் இங்கே தூரத்தில் இருந்தபடி காயிப் ஜனாஸா தொழுதுவிட்டேன். அறையில் உள்ள மூன்று பேர் கூட நின்றார்கள். பிள்ளைக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. அதோடு விடு.

ஆபித்

திருமலைராயன்பட்டினம்
9.6.2024

மச்சானுக்கு, ஸலாம். இங்கே எல்லாரும் சுகம்.

உங்கள் கூரியர் புதன்கிழமை சாயங்காலம் வந்தது. அதற்குள் நான் போய்விட்டு வந்திருந்தேன்.

டாக்டரம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வயிற்றைக் கிழித்தவருக்கு முகம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது. உட்காரவைத்தார். என்ன தெரியும் என்று கேட்டார். பிறகு என் கண்ணைப் பார்த்து, "உங்க தங்கச்சி இறந்துட்டாங்க. நாங்க லேட்டா வந்தோம். சீக்கிரம் வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். தப்பு எங்களோடதுதான். மன்னிச்சிடுங்க" என்றார். நான் அழுதேன். நடிப்பா என்று கேட்காதீர்கள். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு வர வேண்டிய வார்த்தை அத்தனையும் வந்தது, எனக்கு இல்லாத ஒரு தங்கச்சிக்காக வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை தட்டினார்கள்.

எழுந்து நின்று வேஷம் கழற்றினேன். "என் பேரு பஹீமா. ஊரு திருமலைராயன்பட்டினம்." அப்போதுதான் டாக்டரம்மா முகம் மாறியது. விடுவிடுவென்று வெளியே போனார். வராந்தாவில் பிடித்துவிட்டேன்.

"இப்ப சொன்னத என் புள்ளைக்கும் ஒரு தடவ சொல்லுங்கம்மா. எம்புள்ள அழுவுச்சா இல்லையா?"

"அது ட்ரெயினிங்ம்மா. இது வேற. இதெல்லாம் கோர்ட்டு வரைக்கும் போற விஷயம், நான் பேசக் கூடாது." கையை விடுவித்துக்கொண்டார். இரண்டு அடி போய்த் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "உங்க ஹஸ்பண்டுக்கு எல்லாம் தெரியும். அன்னைக்கே போன்ல பேசியாச்சு. அவரைக் கேளுங்க."

பழியைத் தள்ளிவிடுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்தால் உங்கள் கூரியர். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் போய்க் கேட்டேன். அழாத பிள்ளைக்குக் காயிப் ஜனாஸாவும் கிடையாது என்றார்கள். நீங்கள் ஓதிப் படித்தவர், இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் அன்றைக்கே தொழுதிருக்கிறீர்கள்.

நம் பிள்ளை அழுததா மச்சான்?

இன்னொன்று. டாக்டரம்மாவுக்குத்தான் அன்றைக்கு எல்லாரையும் விட அதிக மார்க். தப்பை இப்படித்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அந்த வீடியோவைப் புதுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டப்போகிறார்களாம்.

பஹீமா

திருமலைராயன்பட்டினம்
14.7.2024

மச்சானுக்கு, ஸலாம். உம்மாவின் கண் தேவலை. மாமா சுகம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போனில் கேட்டால் "நெட்வொர்க் இல்ல, அப்புறம் பேசுறேன்" என்கிறீர்கள். பெருநாள் வாழ்த்தைக் குரலாக அனுப்பும்போது மட்டும் நெட்வொர்க் இருந்தது. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இரு என்றுதான் மார்ட்டின் சார் டாக்டர்களுக்குச் சொல்வார். நீங்கள் சொல்லாமலே வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் இனிமேல் போனில் கேட்க மாட்டேன். எழுதி அனுப்புங்கள்.

பஹீமா

சலாலா
25.8.2024

பஹீமாவுக்கு ஆபித் எழுதுவது. ஸலாம். என் சுகத்தை விடு.

உட்கார்ந்து படி. உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

பிள்ளை உயிரோடு பிறந்தது. அழுதது. பிறகு இறந்துவிட்டது.

பிறந்ததும் காதில் பாங்கு சொல்ல வேண்டும் என்று நான் முன்கூட்டியே கேட்டிருந்தபடி நர்ஸு எனக்கு போன் போட்டாள். "பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க, அழுவுது கேளுங்க" என்று பிள்ளை காதருகில் போனை வைத்தாள். நான் கடையின் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு பாங்கு சொன்னேன், இகாமத் சொன்னேன். நௌஷின் என்று பேர் சொன்னேன். நீ ஆசைப்பட்ட பேர்தான். பிறகு யாரோ கத்தினார்கள், போன் கட்டாகிவிட்டது.

அடுத்து மேனேஜர் பேசினார். மூச்சு திணறியதாம். பிள்ளைகளுக்கான டாக்டர் அங்கே இல்லையாம், வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். "உயிரோட பொறந்து எறந்துச்சுன்னு எழுதுனா கேஸாயிடும் பாய். போலீஸ் வரும், போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்க, பச்சக் கொழந்தய அறுப்பாங்க. நீங்களே சொல்லுங்க, எப்படி எழுதட்டும்?" என்றார். சற்று முன்னால்தான் அந்தக் காதில் பாங்கு சொல்லியிருந்தேன். அந்த உடம்பில் கத்தி படுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எறந்தே பொறந்துச்சுன்னு எழுதிக்குங்க என்று சொன்னது நான்தான். அடக்கிவிட்டு வந்த வாப்பாவுக்குக் கூடத் தெரியாது.

உன்னிடம் சொன்னால் நீ சும்மா இருக்க மாட்டாய், கேஸ் என்று போவாய் என்று பயந்தேன். பிறகு நாளாக ஆக, இதுவரை சொல்லாததை எப்படிச் சொல்வது என்று பயந்தேன். டிசம்பரில் லீவு கிடைக்கும், வந்து உன் காலில் விழுகிறேன். என்னை மன்னித்துவிடு.

ஆபித்

திருமலைராயன்பட்டினம்
22.9.2024

ஆபித் அவர்களுக்கு, ஸலாம். சுகம் விசாரிக்கத் தோன்றவில்லை.

மாமாவிடம் நான்தான் சொன்னேன். உட்காரவைத்துச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "எங்கையால தொழுவாம பொதைச்சுட்டேனே புள்ள" என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளே ஹஜ்ரத்தையும் இன்னும் சில பேரையும் கூட்டிக்கொண்டு கபுர்ஸ்தானுக்குப் போய், கபுருக்கு முன்னால் நின்று தொழுதார். பெண்கள் உள்ளே போகும் வழக்கம் நம்மூரில் இல்லை. நான் மதிலுக்கு வெளியே ஆட்டோவில் இருந்தேன். "அல்லாஹு அக்பர்" என்ற தக்பீர் மட்டும் காதில் விழுந்தது.

நாகப்பட்டினத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். கேஸ் போடலாம் என்றார். நிரூபிக்கக் கபுரைத் தோண்டி எடுக்கச் சொல்வார்கள் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை, என்னாலும் முடியாது. அந்த மேனேஜருக்கு நம் ஜனங்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒரே கத்தியைக் காட்டி அன்றைக்கு உங்கள் வாயை அடைத்தார், இன்றைக்கு அதே கத்தி என் வாயையும் அடைத்துவிட்டது.

ஆகவே நீங்கள் செய்ததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. புரிந்தால் ஆத்திரம் அடங்கும் என்று நினைத்தேன், அடங்கவில்லை. அறுக்கக் கூடாது என்று நினைத்தது தகப்பன் மனசு. அதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எனக்கு மயக்கம் என்றும் பக்கத்து அறைப் பிள்ளை என்றும் எழுதினீர்களே, அது யார் மனசு? நீங்கள் பேர் வைத்தீர்கள், பாங்கு சொன்னீர்கள், மூன்று பேரைக் கூட்டித் தொழுதீர்கள். ஒரு தகப்பன் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, பெற்றவளைப் பைத்தியக்காரி என்று நம்பவைத்தீர்கள். என் பிள்ளையை நீங்கள் தனியாக வைத்துக்கொண்டீர்கள்.

டிசம்பரில் வர வேண்டாம். வந்தால் மாமா வீட்டில் இறங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நௌஷின் எப்படி அழுதாள் என்று எழுதுங்கள். வீறிட்டு அழுதாளா, முனகினாளா, விட்டு விட்டு அழுதாளா, நீங்கள் பாங்கு சொன்னபோது அடங்கினாளா? எனக்கு மருந்து மயக்கத்தில் ஒரே ஒரு தடவை கேட்டது. நீங்கள் முழுசாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். அதன் பிறகு எனக்கு நீங்கள் எழுத வேண்டியது எதுவும் இல்லை.

இப்படிக்கு,
நௌஷினுடைய உம்மா